பத்தாவது சொல்

சனிக்கிழமை காலை எங்கள் யூதத் தொழுகைக்கூட வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவரின் தோளைத் தொட்டு ஒரு சொல் சொல்வார் மோயிஸ் பலோம்போ. அடுத்தவருக்கு அடுத்த சொல். மனிதரை எண்ணக் கூடாது, கண்ணேறு படும் என்பது எங்கள் வழக்கம். அதனால் பத்துச் சொல் கொண்ட பிரார்த்தனை வரியால் ஆள் பார்க்கிறோம். பத்து ஆண்கள் கூடாமல் இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. மோயிஸுக்கு முதல் சொல், எனக்கு நாலாவது. இருபது வருஷத்தில் என் பெயரைவிட அதைத்தான் அவர் வாயில் அதிகம் கேட்டிருக்கிறேன்.

வார நாட்களில் இதே மனிதர் துருக்கியின் இஸ்மிர் கடைத்தெருவில் பொத்தான் விற்கிறார். "பன்னெண்டு டஜன். ஒண்ணு குறைஞ்சாலும் மீசைய எடுத்துடறேன்!" என்று அடித்துச் சொல்வார். மீசை இன்னும் இருக்கிறது.

இப்போதெல்லாம் வரி பெரும்பாலும் ஒன்பதாவது சொல்லோடு நின்றுவிடுகிறது. உடனே மோயிஸ் துறைமுகத்துக்கு நடப்பார். சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களிடம், "நீங்க நம்ம ஆளா?" என்று நாலு மொழியில் கேட்பார். ஒருமுறை ஒரு பாதிரியாரையே கேட்டுவிட்டார். அந்த நல்ல மனிதர் ஆசீர்வதித்து அனுப்பினாராம்.

"ஊருல ஆள் கெடைக்கலன்னு கடல்ல வலை போடப் போயிட்டாரு" என்பார் அவர் மனைவி ரெஜினா.

"நம்ம தெருவையே கப்பல்தான ஏத்திக்கிட்டுப் போச்சு? ஒரே ஒரு ஆளத் திருப்பித் தரட்டுமே!" என்பார் மோயிஸ்.

அப்படி வெளிநாட்டுக்குக் குடியேறிப் போனவர்களில் மோயிஸின் அண்ணன் ஆல்பெரும் ஒருவர். 'வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்' என்ற பிள்ளையை நம்பி, கட்டிய மூட்டையைப் பிரிக்காமலே இருந்து, இங்கேயே கண்ணை மூடினாள் அவர்கள் அம்மா. இரண்டு வருஷமாக அவள் நினைவு நாளில் பத்தாவது சொல் வரவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் மோயிஸுக்கு வேடிக்கைப் பேச்சு வராது.

போன சனிக்கிழமை அந்த நாள். வரி வழக்கம்போல் ஒன்பதில் நின்றது. அவரோடு நானும் துறைமுகத்துக்கு நடந்தேன்.

"அண்ணே, இன்னிக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்றான் துறைமுக வாயிற்காவலன் ஓர்ஹான்.

"ஒரு சொல் குறையுது தம்பி."

அவனுக்குப் புரிந்தது. அவனும் எங்களோடு சேர்ந்து கூட்டத்தைத் துழாவினான். வெயில் ஏறிய பிறகு, அரைக்கால் சட்டையும் கேமராவுமாக ஒருவன் அகப்பட்டான். புவனோஸ் ஐரிஸ்காரன். அவனுடைய ஸ்பானிஷும் எங்கள் வீட்டில் பேசும் பழைய ஸ்பானிஷும் பங்காளிகள், அதனால் பேச்சுக்குச் சிரமமில்லை.

"நம்ம ஆளுதான் ஐயா. ஆனா பிரார்த்தனையெல்லாம் தெரியாது. பதினோரு மணிக்குக் கப்பல் வேற."

"ஒண்ணும் தெரிய வேணாம் கண்ணு. சும்மா வந்து நில்லு, போதும்."

கூடத்துக்கு வந்ததும் மோயிஸ் முதலிலிருந்து தோள் தொட்டு வந்தார். அவன் தோளைத் தொட்டுப் பத்தாவது சொல்லையும் சொன்னார். அந்தச் சொல்லை நாங்கள் கேட்டு ஐந்து மாதமாயிருந்தது.

அம்மாவின் பெயரைச் சொல்லி அவர் பிரார்த்தனையைத் தொடங்கியதுமே துறைமுகத்தில் சங்கு ஊதியது. வந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மோயிஸ் கண்ணைத் திறக்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. இடது கையை மட்டும் நீட்டி அவன் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஆமெனும் சொல்லியாயிற்று. நாங்கள் உட்கார்ந்தோம். மோயிஸும் வந்தவனும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள், அவன் சட்டை முனை மோயிஸ் கையிலேயே இருந்தது.