இரண்டு காலுறைகளில் ஒரே ஒயின்

பஸ் டிரைவருக்கு வாசனையே தெரியாதாம் என்ற பேச்சு, கண்ணாடிக்காரரின் காதுக்கு மூணு வாய் மாறித்தான் வந்து சேர்ந்தது. ஒயின் கடைக்காரர் தன் மனைவியிடம் சொன்னார். அவள் தன்னோடு வேலை பார்க்கும் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றார்.

"பனிக்காலத்துல காய்ச்சல்ல படுத்தாரே, அதோட போயிடுச்சாம். ஆறு மாசம் ஆகுது. நம்மகிட்ட மூச்சு விடல பாருங்க அந்த மனுஷன்."

"யாராவது கதை கட்டியிருப்பாங்க டீச்சர்" என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் அவர் கையிலிருந்த குட்டித் திருகாணி நழுவி மேசைக்கடியில் உருண்டது. அதைத் தேட அவர் குனியவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கண்ணாடிக்காரர், டீச்சர், டிரைவர் மூவரும் பின்னறையில் கூடுவது வழக்கம். கண் பரிசோதிக்கும் அறை அது. எழுத்து அட்டைக்குக் கீழே மேசையைப் போட்டு வெள்ளைத் தாள் விரிப்பார்கள். பாட்டில்கள் நீளமான கம்பளிக் காலுறைகளுக்குள் நிற்கும். பெயர் தெரியாமல் ருசித்து, மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். சொதப்பியவர் கிளாஸ் கழுவ வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமையில் மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்தான் டிரைவர். ஒரு வாய் குடித்துப் பாருங்கள் என்றதற்கு, "விடிஞ்சா வண்டி எடுக்கணும். ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன். மோந்து வேணா பாக்குறேன்" என்றார். கிளாஸை எடுத்துக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். "மழையில நனைஞ்ச செங்கல். பக்கத்துல யாரோ பிளம்ஸ் பழம் நறுக்குறாங்க." டீச்சர் தானும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா, செங்கல்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஏழு வருடம் அவர் முகர்ந்து மட்டுமே பார்த்தார். புது டயர், பள்ளிக்கூடப் பை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவரை வெறும் புளிப்பாக இருந்த ஒயின் மற்ற இருவருக்கும் விரிந்துகொண்டே போகும். பணி ஓய்வு பெற்ற மறுநாள்தான் முதல் வாய் குடித்தார். "மோந்ததுல பாதிகூட இல்லையே இது" என்று முகம் சுளித்தார். மனைவி போனபிறகு வீட்டில் அவர் தனியாள். "மாசத்துல ஒருநாள்தான் சட்டை தேய்க்கிறேன். அது உங்களுக்காகத்தான்" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

இந்த வருடம் அவர் பேச்சு மாறிவிட்டது. செங்கல் போயிற்று, டயர் போயிற்று. "கருநிறப் பழங்கள், மென்மையான முடிவு" என்றார். கண்ணாடிக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. படித்தவர்களைப் போலப் பேச மனுஷன் ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

அதனால்தான் போன மாதம் அந்த வேலையைச் செய்தார். கண்ணாடிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்கும்போது, சில சமயம் வில்லையை மாற்றாமலே மாற்றியதுபோல் பாவனை செய்வார்கள். வந்தவர் உண்மையில் பார்த்துத்தான் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். டீச்சரின் பங்குக்கும் சேர்த்து அவரே இரண்டு வகைச் சிவப்பு ஒயின் வாங்கியிருந்தார். ஒன்றைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு, மற்றதில் பாதியைக் காலி பாட்டிலில் ஊற்றி, இரண்டு காலுறைகளிலும் ஒன்றையே வைத்தார்.

டிரைவர் முதலாவதை ஒருவிதமாக வர்ணித்தார். இரண்டாவதை முகர்ந்து, "இது வேற ஜாதி. புகையிலை, கருமிளகு, பழைய மரப்பெட்டி" என்றார்.

கண்ணாடிக்காரர் இரண்டு காலுறைகளையும் உருவிக் காட்டினார். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே. கருமிளகு எந்தக் கடையில வாங்குனீங்க?" டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. எல்லாக் கிளாஸையும் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க" என்றார் டீச்சர், குரலை இறக்கி. "மாசாமாசம் நாம கூடுறதுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை டிரைவர் ஒயின் கடைக்குப் போவாராம். நாம என்ன வாங்குனோம்னு கேட்டு, பாட்டிலுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கிறதை ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக்கிட்டு வருவாராம்."

கண்ணாடிக்காரர் எழுந்து பின்னறைக்குப் போனார். திறக்காத அந்தப் பாட்டில் அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புகையிலை, கருமிளகு, பழைய மரப்பெட்டி. வார்த்தை மாறாமல் இருந்தது.

சோதனை நாற்காலியில் உட்காருகிறவர்கள் அவர் நினைவுக்கு வந்தார்கள். மங்கலாகத் தெரிந்தாலும், தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில், "இப்ப நல்லா தெரியுது சார்" என்பார்கள். அவர்கள் குரலை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர்களிடம் ஒருநாளும் சிரித்ததில்லை.

"இந்தச் சனிக்கிழமை வருவாரா?" என்றார் வாசலில் நின்ற டீச்சர்.

"தெரியல."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"வந்து உக்காருங்கண்ணே, மோந்து பாக்குறதை நாங்க பாத்துக்கிறோம், எப்படி இருக்குன்னு நாங்க உங்களுக்குச் சொல்றோம்னு சொல்லணும். இத்தனை வருஷம் அவர்தானே நமக்குச் சொன்னாரு."

"உங்களுக்குச் சொல்ல வருமா?"

"வராது. செங்கல்னு ஆரம்பிப்பேன்."

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. தனியாள் வீடு, கூடத்திலிருந்து போன் இருக்கும் இடத்துக்கு நடந்துவர நேரமாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீச்சர் பையை இறக்கி வைத்துவிட்டுச் சோதனை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.