தரவையில் நான் நட்ட தடி

மாடுகள் மேய்ந்து கடலோரப் பறவைகளின் முட்டைகளை நாசமாக்குகின்றன என்று காரசாரமாக ஒரு பதிவு எழுதத்தான் போனேன். சித்திரைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் காலை 6.10க்குக் குறிகட்டுவான் பஸ், மண்கும்பானுக்குப் பதினொரு கிலோமீற்றர், எண்பது ரூபா.

இறங்கி இருபது நிமிடம் நடந்தால் தரவை, அதாவது உவர்நீர் ஏறி வற்றும் புல்வெளி. முதலில் யாரோ வேலியடைத்த காணி ஒன்று வந்தது. மாடு புகாத இடமாயிற்றே, பறவைகள் கொட்டிக்கிடக்கும் என்று எட்டிப்பார்த்தேன். இடுப்பளவு புல்லும் ஒரேயொரு கதிர்க்குருவியும்தான். வெளியே மாடுகள் மேய்ந்த கட்டைப் புல்லிலோ பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி என்று ஒரே கலகலப்பு. என் பதிவில் பாதி அங்கேயே போய்விட்டது.

அந்தப் புல்லிலேயே ஓர் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டேன். நான்கு, சேற்று நிறம். பதினொரு மாடுகள் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன. பதறிப்போய்ப் பக்கத்தில் ஒரு தடியை நட்டு, சிவப்புக் கைக்குட்டையைக் கட்டினேன். மாட்டுக்காரர் கண்டு திருப்பிவிடுவார் என்று நினைப்பு.

மாட்டுக்காரி செல்வி தூரத்திலிருந்தே ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும்.

"அண்ணை, தடியைப் பிடுங்குங்கோ! கெதியாப் பிடுங்குங்கோ!"

ஏன் என்று யோசிப்பதற்குள் ஒரு சிவலைப் பசு நேரே வந்து தடியில் கழுத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டது. மரமே இல்லாத வெளியில் சொறிய ஒரு தடி கிடைத்தால் எந்த மாடுதான் விடும்? செல்வி அதை விரட்டித் தடியைப் பிடுங்கி எறிந்தபோது அதன் காலடியில் இரண்டு முட்டைகள் மிதிபட்டு உடைந்திருந்தன. மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்டயோ கேக்கிறியள்?" என்றார். தலைக்கு மேலே ஆட்காட்டி கத்திக்கொண்டிருந்தது.

தாய் வந்து உட்காராவிட்டால் மிச்ச இரண்டும் வெயிலில் வெந்துபோகும். நூறு அடி தள்ளிப்போய்க் குந்தினோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து அது இறங்கி வந்து உட்கார்ந்தது. நெஞ்சு ஆறியது. அதற்குள் அதே சிவலை மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியது. நான் எழும்பினேன்.

"இருங்கோ அண்ணை. மாடு மிதிக்கிறதும் இருக்குத்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பாருங்கோ."

ஆட்காட்டி எழுந்து செட்டையை விரித்துக் கத்தியது. பசு நின்றது, மூச்சை விட்டது, விலத்திக்கொண்டு போய்விட்டது.

போகிறவர்களுக்கு: நிழல் கிடையாது, இரண்டு லீற்றர் தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். முட்டையைக் கண்டால் அடையாளம் எதுவும் வைக்காமல் உடனே விலகுங்கள். அந்த இரண்டு முட்டைகளையும் நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.