தைல மரமும் இரண்டாயிரத்து ஐம்பதும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். முன்பின் மாறியிருந்தாலும், மறந்துபோய் எதையாவது விட்டிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லண்டன் வீட்டு அடுப்பில் தீ கிடையாது. வெறும் கண்ணாடிப் பலகை. பால் பொங்கும், எதனால் பொங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முன்பிருந்த கேஸ் அடுப்பை மகன் கழற்றச் சொல்லிவிட்டான். "சட்டம் போட்டுட்டாங்கம்மா. இரண்டாயிரத்து ஐம்பதுக்குள்ள இந்த நாடு விடுற புகையும் இழுத்துக்கிற புகையும் சமமாயிடணும். இப்பவே பழகிக்குவோம்" என்றான். "அப்ப நான் இருக்க மாட்டேனேடா" என்றேன். சிரித்தான்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனியால் புகையைக் குறைக்க முடியவில்லையாம். பதிலுக்கு வேறெங்காவது மரம் நட்டுக் காட்டலாமாம். விராலிமலைப் பக்கம் என் தங்கை செல்வி கடலை போட்டுக்கொண்டிருந்த நிலம் அவன் ஞாபகத்துக்கு வந்தது. "என்ன மரம்மா வைக்கலாம்?" என்றான். இங்கே வந்த இத்தனை வருடத்தில், சாப்பாட்டைத் தவிர அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "தைல மரம் வையிப்பா. ஆடு வாய் வைக்காது. சித்தி ஒத்தை ஆளு, காவல் இருக்க வேணாம்" என்றேன். தைல மரம் தண்ணீரை உறிஞ்சும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் இனி எதையும் கேட்க மாட்டான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செல்வியிடம் நான்தான் போனில் பேசினேன். "நீ சொன்னா சரிக்கா" என்று கையெழுத்துப் போட்டாள். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா என்னைக் கட்டிப்பிடித்து ஏதேதோ பேசினார். 'ட்ரீ', 'தேங்க் யூ' இரண்டும்தான் புரிந்தன. கூச்சத்தோடு தலையாட்டினேன்.

மரங்கள் வளர்ந்தன. போன மாதம் செல்வி கூப்பிட்டாள். "ஏக்கா, கிணத்துல வாளி தரையில முட்டுது. மரத்த வெட்டிரவா?"

மகனிடம் கேட்டேன். "இரண்டாயிரத்து ஐம்பது வரைக்கும் நிக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கும்மா. மேலேருந்து படம் எடுப்பாங்க. வெட்டினா தெரிஞ்சிரும்."

அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன். "மரம் நிக்கட்டும்க்கா. என்னைய ஐம்பது வரைக்கும் நிக்கணும்னு யாரும் எழுதி வாங்கலையே" என்றாள்.

இப்போது ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாள். சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் வீட்டுக்கு எடுத்துப்போக விடுகிறார்களாம்.

நேற்று மகன் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினான். "பாரும்மா, நம்ம நிலம் எவ்வளவு பச்சையா இருக்கு!" பச்சைதான். நான் அங்கே இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. எங்கள் கிணறு. விரலை வைத்துப் பார்த்தேன். அடுப்பைப் போலவே அதுவும் கண்ணாடிதான்; உள்ளே நடப்பது கைக்குத் தெரியவில்லை.

விராலிமலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது அந்தக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். செல்வி எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். இதையும் கூட்டித்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.