குளத்தூரில் ஏலத்துக்கு வந்த கிணற்றுநீர்

குளத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை, காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் நல்ல நேந்திரன் குலை கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டியதால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பக்தியெல்லாம் இல்லை, வயிறுதான் காரணம்.

நாகர்கோவிலிலிருந்து காலைப் பயணிகள் ரயிலில் பாறசாலைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் சுனில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர். ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கினார். சாலையோரத்தில் மண்ணை ஆழமாகத் தோண்டிப் புது மண் நிரப்பியிருந்தார்கள்.

"டீசல் லாரி மறிஞ்ச இடமாக்கும் சார். ஓடை வழியா இறங்கி, கிணறு எல்லாம் கெட்டுப் போச்சு."

கவிழ்ந்த லாரியை அனுப்பிய எண்ணெய்க் கம்பெனி கிணறுகளை இறைத்தது, மண்ணை மாற்றியது. பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. ஒரே ஒரு வீடு பாக்கி. காப்பிக்கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா போட மாட்டேன் என்கிறாராம். அவர் கையெழுத்துப் போட்டால் கம்பெனியின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. கிணறு சரியாகாவிட்டால் விலைக்குத் தண்ணீர் வாங்கியே கடையை நடத்த வேண்டும்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் தொடங்கியது. வாழைக்குலை, சேனை, கோழி, மரச்சீனிக் கிழங்கு. அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்து உற்சாகமாகக் கேட்டார்கள். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: காணிக்கையாக வந்த எதையும் கேட்பாரில்லாமல் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வாடிய கீரைக்கட்டைக்கூட யாராவது எடுத்துவிடுவார்கள். எனக்கு இதுவே மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்து ஸ்டெல்லா அக்கா ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏலம் விட்ட ஐசக் சார் ஒருகணம் தயங்கினார்.

"ஸ்டெல்லா வீட்டுக் கிணத்து வெள்ளம். கேக்கியவங்க கேளுங்க."

ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. மறுபடி கூறினார். அப்போதும் கேட்பாரில்லை. இங்கே ஒரு காணிக்கை இப்படி நின்றுபோனது இதுவரை இல்லை என்று பக்கத்திலிருந்தவர் முணுமுணுத்தார்.

பின்வரிசையில் ஒருவர் இருந்தார். கம்பெனி அதிகாரி, எறணாகுளத்துக்காரர். கையெழுத்துக்காக நயமாகப் பேசலாம் என்று பண்டிகைக்கு வந்திருக்கிறார். ஸ்டெல்லா அக்கா அவரைக் காட்டிச் சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை.

"சார் கேக்கட்டு. நல்ல வெள்ளம்னு சொன்னது அவருதானே."

அவர் எழுந்து பத்து ரூபாய்க்குக் கேட்டார். குப்பியைத் திறந்து வாயருகே கொண்டுபோனார், அப்படியே நின்றார். பிறகு மூடிவிட்டு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"ஞான் இது குடிக்கில்லா. ஒரு வட்டம் கூடி வந்நு சரியாக்காம்."

தான் இதைக் குடிக்க மாட்டேன், இன்னொரு முறை வந்து சரிசெய்கிறோம் என்றார். யாரும் கைதட்டவில்லை. ஏலம் அடுத்த கோழிக்குப் போய்விட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கூச்சலில்லை, மறியலில்லை, ஒரு கம்பெனியை அதன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் அதைச் சொன்ன அந்த மனிதரையும் எனக்குப் பிடித்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பாறசாலையிலிருந்து பஸ் உண்டு, ஞாயிறன்று குறைவு, திரும்புவதற்கும் ஆட்டோவைப் பேசிவிடுங்கள். ஏலத்தில் சில்லறையோடு நில்லுங்கள். பெரிய பை அவசியம். நான் குலையைத் தோளில் சுமந்து ரயிலேறிச் சிரிப்புக்கு ஆளானேன்.

கிளம்பும் முன் ஸ்டெல்லா அக்கா கடையில் காப்பி குடித்தேன், விலைக்கு வாங்கிய தண்ணீரில் போட்டது. அந்த அதிகாரிதான் சொல்லிவிட்டாரே, இனிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"சொன்னா போதுமா மக்கா? மண்ணு மாத்தட்டு, கிணறு தெளியட்டு. நான் திரும்பவும் ஒரு குப்பி கொண்டு வைப்பேன். எல்லாரும் பாக்க அவரு குடிக்கட்டு. அதுக்குப் பொறவு போடுதேன்."