சரசு அரைத்த மிளகாய்

இனி எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று அம்மன் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை என் தங்கை மகள் கவிதா போனில் கூப்பிட்டு, "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். பத்து யானை கட்டி இழுத்தாலும் நகராத என் தங்கை சரஸ்வதியை எமன் எப்படித் தூக்கினானோ. அவனுக்கு இடுப்புப் பிடித்திருக்கும். பிடிக்கட்டும்.

எங்கள் கணபதிப் பகுதி மோட்டார் பட்டறையில் அவளோடு காயில், அதாவது மோட்டாருக்குள் வைக்கும் கம்பிச் சுருள், சுற்றியவர்களுக்கு அவளைத் தெரியும். கணவன் துரைசாமி அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு உடுமலையில் இன்னொருத்தியோடு குடியேறினான். அதன்பிறகு பதினைந்து வருடம் அவள் சுற்றிய செம்புக் கம்பியால் நிலாவை ஏழு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் துணி காயப்போடலாம். "கம்பிய ரொம்ப இழுத்தா அந்து போகுமுங்க, தொளதொளன்னு உட்டா எரிஞ்சு போகும். புள்ள வளக்கறதும் இதே வேலதானுங்க" என்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் கவிதா பத்தாவது தேறினாள். விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து இல்லாமல் பாலிடெக்னிக்கில் இடமில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். துரைசாமி சொல்லியனுப்பினான்: "அவ வந்து என்ற கால்ல உழுகட்டும், போடறேன்."

சரசு உடுமலைக்குப் பஸ் ஏறவில்லை. ஆனைமலைக்கு ஏறினாள். அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் பூசினால் அவன் உடம்பு பற்றி எரியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. துணைக்கு நானும் போனேன். மிளகாய் அரைக்கும் இடத்தில் பக்கத்து அம்மிக்கல்லில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, ஆருக்குங்க?" என்றாள் சரசு.

"ஊட்டுக்காரனுக்குத்தானுங்கக்கா. தெனமும் அடிதானுங்க."

"எந்தூருங்க?"

"உடுமலைங்க. தேங்கா மண்டில இருக்கறானுங்க. பேரச் சொல்லக் கூடாதும்பாங்க, ஆனா சாமிகிட்டச் சொல்லித்தான ஆவோணும். துரைசாமிங்க."

சரசு அவள் கல்லை எட்டிப் பார்த்தாள். "தள்ளி உக்காரு கண்ணு. நீ அரைக்கறது நைஸாவே இல்ல, வெதையெல்லாம் நிக்குது பாரு."

இரண்டு பேரும் சேர்ந்து அரைத்ததில் பொள்ளாச்சிக் காக்கைகள் தும்மின. காற்று திரும்பிப் பாலக்காட்டில் மழை காரமாகப் பெய்தது. வியாழக்கிழமை துரைசாமியின் சட்டைக் காலரைப் பிடித்து அந்த உடுமலைக்காரியே பட்டறைக்கு இழுத்து வந்தாள். உட்கார முடியாமல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

"தண்ணி குடிச்சா எரிச்சல் அடங்கீருமுங்க" என்றாள் சரசு. "ஊட்டுக்குப் போயிக் குடிச்சுக்குங்க."

அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். இதைப் படிப்பான். நிதானமாகப் படிக்கட்டும்.

கவிதா படித்து முடித்து அதே பட்டறையில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் வேலைக்கு வந்தாள். முதல் வாரமே அம்மா சுற்றிய ஒன்றைச் சரியில்லை என்று திருப்பினாள். "என்ற புள்ள, நான் சுத்துனதையே வேண்டாம்னு போட்டாளுங்க" என்று சரசு கணபதி முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அந்தப் பெருமையில் ஒரு மாதம் அவள் கால் தரையில் படவில்லை, செருப்புத் தேயவே இல்லை.

வேண்டுதல் பலித்தால் கோயிலுக்குத் திரும்பிப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும். சரசு போகவில்லை. ஏன் என்று ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன்.

"அன்னைக்கு நான் ரண்டு பேருக்கு அரைச்சனுங்ணா" என்றாள். "ஒருத்தன் அவன். இன்னொண்ணு, அவங்கிட்ட அடிபட்டு உங்க ஊட்டுக்கு வந்த என்னைய 'அனுசரிச்சுப் போ'ன்னு மூணு வாட்டி மறுக்காவும் பஸ் ஏத்தி உட்ட உங்களுக்கு. ரசம் ஊத்தட்டுங்களா?"

காக்கை, காற்று, காலர் எல்லாவற்றையும் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். அந்த இரண்டாவது பிடி மிளகாய் மட்டும் உண்மை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த எரிச்சல்தான். அதைக் குளிர்விக்க நானும் ஆனைமலைக்குப் போகப்போவதில்லை.