கேட்டுக்கு வெளியே நின்ற தானம்

அளவுச் சங்கிலியோடு ஒரு சர்வேயர் தெருவில் நடந்து போனாலே எங்கள் செயலாளருக்கு முகம் கறுத்துவிடும். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் நிலம் யார் கைக்கு எப்படிப் போனது என்று ஆயுசு முழுக்கப் பார்த்த மனுஷன். பெற்ற பிள்ளையையே ஆதாரம் கேட்காமல் வீட்டுக்குள் விடமாட்டார் என்று கேலி செய்வோம். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளையின் இலவச விடுதிக்கு அவர் செயலாளர், நான் வார்டன். கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் அங்கே தங்கிக் கல்லூரிக்குப் போனார்கள்.

இடம் ஒரு விவசாயி தானமாகக் கொடுத்தது. அய்யனார் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, நாலு பேர் முன்னால் வாயால் சொன்னதோடு சரி. கொடுத்த மகராசனிடம் பத்திரம் கேட்பது அவரை அவமதிப்பது என்று அப்போதிருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். நல்ல மரியாதை போங்கள். பட்டா அந்தக் குடும்பத்தின் பேரிலேயே கிடந்தது. பெரியவர் காலமான பிறகு, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவர் மகன் வருஷா வருஷம் எங்கள் இடத்துக்கான நிலவரியைத் தானே கட்டி, ரசீதையும் தானே வைத்துக்கொள்வார். அப்பா கொடுத்த தர்மம், வரியையும் நாமே கட்டினால்தான் புண்ணியம் நிற்கும் என்பது அவர் பேச்சு. "இன்னைக்கு வரி கட்டுறவன், நாளைக்கு எடம் என்னுதும்பான்" என்பது செயலாளர் பேச்சு. பத்திரத்தைக் கேட்டே விடலாமே என்றேன். "பத்திரம் இல்லேன்னு நாமளே அவனுக்குச் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?" என்று என் வாயை அடைத்துவிட்டார். அந்தச் சந்தேகம் எனக்கும் மெல்ல ஒட்டிக்கொண்டது. அந்த மகன் பிள்ளைகளுக்கு மாம்பழம் கொண்டு வந்தால்கூட, மனுஷன் எதை நோட்டம் பார்க்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் அவர் ஒரு சர்வேயரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். செயலாளர் கேட்டைப் பூட்டச் சொன்னார். "எழுதிக் குடுக்கத்தாங்கய்யா அளக்க வந்தேன். அளந்தாத்தானே பத்திரத்துல எல்லை போட முடியும்" என்றார் வெளியே நின்றவர். "அளக்க வர்றவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான்" என்றார் இவர். வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர், அந்த வருஷமே மாரடைப்பில் இறந்துபோனார்.

அவருடைய வாரிசுகள் பட்டாவையும் வரி ரசீதுகளையும் வைத்து வழக்குப் போட்டார்கள். கோயில் வாசலில் தானத்தைக் கேட்டவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. எங்களுக்கு இருந்த ஒரே பிடி, அவர் அன்று கேட்டில் நின்று சொன்ன பேச்சு. செயலாளர் கூண்டில் ஏறி அதைச் சொன்னார். "அன்னைக்கு நீங்க அதை நம்புனீங்களா?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். "நம்பல" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள், பாவம். வழக்கில் தோற்றோம். பிள்ளைகளின் பெட்டிகளை வேனில் ஏற்றி அனுப்பினோம். சிலர் படிப்பையே விட்டுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

போன மாதம் செயலாளரைப் பார்க்கப் போயிருந்தேன். உடம்பு தளர்ந்து படுத்திருந்தார். "ஏம்மா, அந்த ஆளு நெசமாவே எழுதிக் குடுக்கத்தான் வந்தாரா?" என்று கேட்டார். இப்போது எனக்கு அதில் சந்தேகமே இல்லை. "ஆமாங்கய்யா, அதுக்குத்தான் வந்தாரு" என்றேன்.

கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு வீட்டு ஆளுக யாரும் ஒன்னைய வந்து பாத்தாங்களா?" என்றார்.