ஜெபித்தது நான், பேர் பிலோமினாவுக்கு

இன்று திண்டிவனம் பஸ்ஸில் கெடார் ஊர்க்காரம்மா ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எண்பத்தஞ்சுல பிலோமினாம்மாகூட மாதா கோயில்லேர்ந்து எங்க ஊருக்கு ஜெபம் பண்ண வருவீங்களே? அவங்க ஜெபத்துலதாங்க ஜுரத்துல கெடந்த என் பொண்ணு பொழைச்சா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜெபம் பண்ணது நான்தாங்க. அரை மணி நேரம், முட்டி போட்டுக்கினு."

"நீங்க இன்னாமோ சொல்லிக்கினே இருந்தீங்க. அவங்கதான் மடியில போட்டுக்கினு கேப்பைக் கூழ் ஊட்டுனாங்க."

நாற்பது வருடப் பொறாமை இது. இறங்கியதும் பிலோமினாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அது கெடக்கட்டும். நீ சாப்ட்டியாடி?"

சாப்பிடவில்லை.

உங்கள் பங்குக் கோயிலிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாளா? எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?